கேள்வி கேட்டே நம்பிக்கைக்கு வந்தவர்: பண்டிதா ரமாபாய்



இந்தக் காலாண்டு உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது பண்டிதா ரமாபாயை. பள்ளிப் பாடப்புத்தகத்தில் சமூக சீர்திருத்தவாதிகள் வரிசையில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். பெண் கல்விக்குப் பாடுபட்டவர், விதவைகளுக்கு இல்லம் நடத்தியவர் என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதியும் இருப்பீர்கள். அந்த விடைக்குள் அடங்காத ஒரு நீண்ட பயணம் அவருடையது. பிறந்த சமயத்தில் நம்பிக்கை இழந்து, பல ஆண்டுகள் எதையும் உறுதியாகப் பற்றிக்கொள்ள முடியாமல் அலைந்து, கடைசியில் கிறிஸ்தவராக நிலைகொண்டவர். எந்த மதம் பெரியது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒருவர் தன் மனசாட்சிக்கு எவ்வளவு உண்மையாக இருக்க முடியும் என்பதற்காக மட்டும் வாசியுங்கள்.

காட்டில் ஒரு பள்ளிக்கூடம்

ரமாபாய் 1858 ஏப்ரல் 23 அன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டுப் பகுதியில் பிறந்தார். அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர், ஆசாரமான பிராமணர். ஆனால் ஒரு விஷயத்தில் ஊரோடு ஒத்துப்போகாதவர். பெண்களும் சமஸ்கிருதம் படிக்கலாம் என்று நம்பி, மனைவி லட்சுமிபாய்க்குக் கற்றுக்கொடுத்தார். அதற்காக மற்ற பண்டிதர்கள் முன் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மா, விடியற்காலையில் வீட்டு வேலை தொடங்கும் முன் சின்ன ரமாவை எழுப்பி உட்கார வைத்துப் பாடம் சொன்னார்.

வந்த யாத்ரீகர்களுக்கெல்லாம் சோறு போட்டே குடும்பத்தின் சொத்து கரைந்தது. பிறகு கோயில் கோயிலாகப் போய்ப் புராணம் வாசித்து, கேட்பவர்கள் தரும் காணிக்கையில் வாழ்ந்தார்கள். ரமாபாயின் குழந்தைப் பருவம் முழுவதும் நடைப்பயணம்தான்.

பசி கேட்ட கேள்வி

1870களில் பஞ்சம் வந்தபோது அவர்கள் சென்னை மாகாணத்தில் இருந்தார்கள். கையில் மிச்சமிருந்த பணத்தைத் தானம் செய்தார்கள். விரதம் இருந்தார்கள். புண்ணிய தீர்த்தங்களில் நீராடினார்கள். தெய்வம் கைவிடாது என்று முழு மனதோடு காத்திருந்தார்கள். உணவு மட்டும் வரவில்லை. கூலி வேலைக்குப் போகலாம் என்றால் குலப்பெருமை தடுத்தது. கைத்தொழில் ஒன்றும் தெரியாது. காட்டு இலைகளைத் தின்னும் நிலைக்கு வந்தார்கள். முதலில் அப்பா, பிறகு அம்மா, அதன்பின் அக்கா என்று ஒவ்வொருவராக இறந்துபோனார்கள்.

எஞ்சியவர்கள் ரமாபாயும் அண்ணன் சீனிவாசனும்தான். இருவரும் வடக்கே ஆயிரக்கணக்கான மைல் நடந்தார்கள். கடும் குளிரில் ஆற்றங்கரை மணலில் குழி தோண்டி, கழுத்துவரை மணலை மூடிக்கொண்டு உறங்கிய இரவுகளும் உண்டு. யாத்திரையை அவர்கள் விட்டுவிடவில்லை. ஒரு புனித ஏரியில் மிதக்கும் குன்றுகள் உண்டென்றும், பாவம் தீர்ந்தவர்களை நோக்கி அவை நகர்ந்து வருமென்றும் கேள்விப்பட்டு அங்கே போனார்கள். தண்ணீரில் இறங்கக் கூடாது, முதலை இருக்கிறது என்றார்கள் பூசாரிகள். அண்ணன் ஒருநாள் அதிகாலையில் நீந்திப்போய்ப் பார்த்தார். தெப்பத்தின் மேல் மண்ணைப் பரப்பிச் செடி நட்டிருந்தார்கள். காணிக்கை விழுந்ததும் பின்னாலிருந்து ஆள் தள்ளுவாராம்.

எல்லாவற்றையும் நம்பி, எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகு இருவரிடமும் மிஞ்சியது வெறுமைதான்.

புகழ் வந்தது, விடை வரவில்லை

1878இல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். இருபது வயதுப் பெண் சமஸ்கிருத சுலோகங்களைச் சரளமாகச் சொல்வதைக் கேட்டு அங்கிருந்த அறிஞர்கள் வியந்தார்கள். சோதித்துப் பார்த்து, பண்டிதா, சரஸ்வதி என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். அங்கே கிறிஸ்தவர்களின் கூட்டம் ஒன்றுக்கும் அண்ணனும் தங்கையும் போனார்கள். எல்லோரும் கண்ணை மூடி நாற்காலிகளுக்கு முன் முழங்காலிட்டதைப் பார்த்து, இவர்கள் நாற்காலியைக் கும்பிடுகிறார்கள் என்றே ரமாபாய் நினைத்தார். சமஸ்கிருத பைபிள் ஒன்றையும் கொடுத்தனுப்பினார்கள். அதன் நடை பிடிபடாமல் மூடி வைத்துவிட்டார்.

பெண்களுக்கு அவர்களுடைய கடமைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார்கள். அதற்காகத் தர்ம சாஸ்திரங்களை ஆழ்ந்து படித்தார். படிக்கப் படிக்க மனம் கனத்தது. பல விஷயங்களில் ஒன்றோடொன்று முரண்பட்ட அந்த நூல்கள், பெண்களும் தாழ்த்தப்பட்டவர்களும் தங்கள் சொந்த நிலையில் முக்தி பெற முடியாது என்பதில் மட்டும் ஒத்துப்போவதாக அவருக்குத் தோன்றியது. பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் வேதப் பிரதி ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அதைப் படித்தும் மனக்குறை தீரவில்லை.

1880இல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டு பிபின் பிஹாரி என்ற வங்காள வழக்கறிஞரைச் சாதி மறுத்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அசாமில் சில்சாருக்குக் குடிபோனார். வீட்டுப் புத்தகங்களுக்கு நடுவே வங்க மொழியில் அச்சான லூக்கா நற்செய்தி கண்ணில் பட்டது. வாசித்தார், பிடித்தது. கணவருக்கு அது பிடிக்கவில்லை. மகள் மனோரமா பிறந்து ஓராண்டு நிறையும் முன்னே, 1882 பிப்ரவரியில் காலரா கணவரைக் கொண்டுபோனது. இருபத்து மூன்று வயதில் கைக்குழந்தையுடன் விதவை.

அவர் முடங்கிவிடவில்லை. புணே வந்து ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ஹண்டர் கல்விக் குழு முன் சாட்சியமளித்து, பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று வாதாடினார். புத்தகம் எழுதி விற்ற பணத்தில், மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு 1883இல் மகளுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். காது மந்தமாகிக்கொண்டே வந்ததால் மருத்துவப் படிப்பு நடக்கவில்லை.

ஞானஸ்நானத்துக்குப் பிறகும் சந்தேகம்

வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார். அந்தச் சகோதரிகள் லண்டனில் ஃபுல்ஹாம் பகுதியில் ஓர் இல்லம் நடத்தினார்கள். வழி தவறியவர்கள் என்று ஊர் ஒதுக்கிய பெண்களை அங்கே சேர்த்து, அன்போடு நடத்தி, வாழவைத்தார்கள். அப்படிப்பட்ட பெண்களுக்கு யாராவது இரக்கம் காட்டி ரமாபாய் அதுவரை பார்த்ததில்லை. ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு சகோதரி, கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய நிகழ்ச்சியை யோவான் நற்செய்தியிலிருந்து வாசித்துக் காட்டினார். சாஸ்திரங்களில் அவர் தேடிக் கிடைக்காத விடை அங்கே இருந்தது. 1883 செப்டம்பர் 29 அன்று தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். முடியவில்லை. அதே கேள்வி கேட்கும் மனதோடுதான் அவர் திருச்சபைக்குள்ளும் வந்தார். திரித்துவக் கோட்பாட்டை ஏற்கத் தயங்கினார். திருச்சபை சொல்வதை அப்படியே கேட்டு நடக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு மறுப்பு எழுதினார். சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, சமஸ்கிருதம் இருக்கக் கூடாதா என்று கேட்டார். சைவச் சாப்பாட்டை விட மறுத்தார். அவருக்கு ஞானத் தாயாக இருந்த சகோதரி ஜெரால்டினுக்கு இதெல்லாம் கர்வமாகத் தெரிந்தது. இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. வாதம் காரசாரமாக இருக்கும், ஆனாலும் உறவு அறுந்துபோகவில்லை.

1886இல் அமெரிக்கா போனார். அடுத்த ஆண்டு, உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் வெளியானது. அங்கே திரட்டிய ஆதரவோடு நாடு திரும்பி, 1889இல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காகச் சாரதா சதன் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது புணேக்கு மாறியது.

1891இல், ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் கழித்து, ஓர் ஆங்கிலேயப் பாதிரியாரின் வாழ்க்கை வரலாற்றை வாசிக்கும்போது அவருக்கு ஓர் உண்மை உறைத்தது. கிறிஸ்தவ சமயத்தைத்தான் இதுவரை ஏற்றிருக்கிறேன், கிறிஸ்துவை இன்னும் கண்டடையவில்லை என்று உணர்ந்தார். அதுவரை அறிவு ஒப்புக்கொண்டதை அப்போதுதான் மனமும் ஒப்புக்கொண்டது. அதன் பிறகு அவரிடம் பழைய தடுமாற்றம் இல்லை.

கொடுத்த விலை

அந்த நிம்மதிக்கு அவர் விலை கொடுக்க வேண்டியிருந்தது. சாரதா சதனில் மதம் போதிப்பதில்லை என்பது ஏற்பாடு. ஆனால் ரமாபாய் தன் அறையில் கதவைத் திறந்து வைத்து ஜெபம் செய்வார். சில பெண்கள் தாமாக வந்து உட்கார்ந்தார்கள். செய்தி வெளியே பரவியதும் 1893இல் புணே கொதித்தது. திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. துணை நின்ற ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்களும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பல பெண்களைக் குடும்பத்தார் அழைத்துப் போய்விட்டார்கள். பெண்களைப் பெற்றவர்களின் கவலையிலும் நியாயம் உண்டு. தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஜெபிக்க வேண்டுமா என்ற ரமாபாயின் கேள்வியிலும் நியாயம் உண்டு.

1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் என்று கேள்விப்பட்டதும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. காட்டில் இலை தின்ற நாட்கள் நினைவுக்கு வந்திருக்கும். நேரில் போய், ஆதரவற்ற சிறுமிகளையும் இளம் விதவைகளையும் கூட்டிவந்தார். புணே அருகே கேட்காவில் வாங்கியிருந்த நிலத்தில் அவர்களைக் குடியமர்த்தினார். அதுதான் முக்தி மிஷன். 1900களின் தொடக்கத்தில் அங்கே 1,500 பேருக்கு மேல் இருந்தார்கள். அங்கே படிப்போடு விவசாயம், நெசவு, அச்சுவேலை, எண்ணெய் ஆட்டுதல் என்று தொழில்களும் சொல்லித்தரப்பட்டன. தொழில் தெரியாத படிப்பு பஞ்சத்தில் சோறு போடவில்லை என்பது அவருடைய குடும்பம் கற்ற பாடம். பார்வையற்ற பெண்களுக்கு மனோரமா பிரெயில் கற்றுக்கொடுத்தார்.

கடைசிக் காலத்தில் ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் படித்து, பைபிளை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். படிக்காத பெண்ணுக்கும் புரிய வேண்டும் என்பதே நோக்கம். சமஸ்கிருத பைபிள் தனக்கே புரியாமல் போனதை அவர் மறந்திருக்க மாட்டார். 1921இல் மனோரமா இறந்தார். மகளை இழந்த துக்கத்திலும் மொழிபெயர்ப்பு வேலையை முடித்துவிட்டு, 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் கண்மூடினார். 1989இல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

நம் வீட்டுப் பிள்ளைகள் சாமி, சடங்கு, நம்பிக்கை பற்றிக் கேள்வி கேட்டால் நம்மில் பலருக்குச் சங்கடமாக இருக்கும். பேசாமல் கும்பிடு என்று சொல்லிவிடுவோம். ரமாபாயை நினைத்துக்கொள்ளுங்கள். பசித்தவருக்கும் ஒதுக்கப்பட்டவருக்கும் இது என்ன செய்யும் என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் சாஸ்திரத்திடமும் சபையிடமும் கேட்டார், பிறகு தன்னிடமே கேட்டுக்கொண்டார். அதற்குப் பதிலாகத்தான் கேட்காவ் எழுந்தது.

அடுத்த முறை சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போனால், டவுண்ட் தாண்டிப் புணே வருவதற்கு முன் ஜன்னல் பக்கம் பாருங்கள். கேட்காவ் என்ற சின்ன ஸ்டேஷன் வரும். முக்தி மிஷன் அங்கே இன்றும் நடக்கிறது.