தோழர்களை மறவாத தளபதி

1945ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. ஜப்பானின் டோக்கியோ விரிகுடாவில் நேச நாடுகளின் போர்க்கப்பல்கள் அணிவகுத்து நின்றன. அமெரிக்கக் கப்பலாகிய மிசூரியின் மேல்தளத்தில் ஜப்பானியப் பிரதிநிதிகள் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டனர். ஆஸ்திரேலியாவின் சார்பில் ஜெனரல் பிளேமி கையொப்பமிட்டார். அவருடன் வந்திருந்த ஆஸ்திரேலிய அதிகாரிகளுள் ஒருவர், பத்து மாதங்களுக்கு முன் முதுகெலும்பு முறிந்து கிடந்தவர். ஆஸ்திரேலியக் கடற்படையின் சார்பில் அங்கு வந்திருந்த கொமடோர் ஜான் அகஸ்டின் காலின்ஸ்தான் அவர்.

வெற்றியின் நாள்தான் அது. ஆயினும், அவருடன் இளமையில் பயின்று, கடலில் துணை நின்ற பலர் அதைக் காண உயிரோடு இல்லை. அவர்களை நினையாமல் இவருடைய வாழ்க்கையைச் சொல்ல இயலாது.

காலின்ஸ் 1899ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், டாஸ்மேனியாத் தீவிலுள்ள டெலொரெய்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து குடியேறிய மருத்துவரான தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். 1913ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா தனக்கென ஒரு கடற்படைக் கல்லூரியைத் தொடங்கியது. முதலாண்டில் சேர்ந்த 28 சிறுவர்களில் காலின்ஸும் ஒருவர். ஜோசப் பர்னெட், ஹெரால்டு ஃபார்ன்கோம் என்ற இருவரும் அதே வகுப்பினர். மறு ஆண்டு ஹெக்டர் வாலர் என்ற மாணவரும் வந்து சேர்ந்தார். இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாணவியரே!

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது காலின்ஸ் 'சிட்னி' என்ற போர்க்கப்பலின் தலைவரானார். 1940 ஜூலை 19ஆம் நாள், கிரீட் தீவருகே ஸ்படா முனையில் இத்தாலியக் கப்பல்கள் இரண்டு, பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்களை விரட்டி வந்தன. காலின்ஸ் அந்நாசகாரிகளுக்கு உதவும் தொலைவிலேயே இருக்க வேண்டும் எனத் தாமே முடிவு செய்து அருகில் சென்றிருந்தார். எதிரிக்குத் தெரியக்கூடாதென்று வானொலியிலும் செய்தி அனுப்பவில்லை. எதிர்பாராத நேரத்தில் 'சிட்னி' தோன்றியது. 'பார்த்தலோமியோ கொல்லியோனி' என்ற இத்தாலியக் கப்பல் மூழ்கியது. சண்டை முடிந்ததும் நாசகாரிகள் கடலில் தத்தளித்த எதிரி மாலுமிகள் 500 பேருக்கு மேல் காப்பாற்றின.

1941 பிப்ரவரியில் 'சிட்னி' தாய்நாடு திரும்பியபோது மக்கள் திரண்டு வரவேற்றனர். அவ்வாண்டு மே மாதம் காலின்ஸ் தம் கப்பலைப் பழைய வகுப்புத் தோழர் பர்னெட்டிடம் ஒப்படைத்துவிட்டுச் சிங்கப்பூர் சென்றார். ஆறே மாதங்களில், நவம்பர் 19ஆம் நாள், மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கப்பால் ஒரு ஜெர்மானியக் கப்பலுடன் நடந்த சண்டையில் 'சிட்னி' மூழ்கியது. கப்பலில் இருந்த 645 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பர்னெட்டும், காலின்ஸின் கீழ்ப் பணிபுரிந்த மாலுமிகள் பலரும் அவர்களுடன் மாண்டனர்.

துயரம் அத்துடன் நிற்கவில்லை. 1942 தொடக்கத்தில் காலின்ஸ் ஜாவாவில் நேச நாட்டுக் கப்பல்கள் சிலவற்றுக்குப் பொறுப்பேற்றிருந்தார். மார்ச் 1ஆம் நாள் இரவில் சுண்டா ஜலசந்தியில், வாலர் செலுத்திய 'பெர்த்' கப்பலை ஜப்பானியர் மூழ்கடித்தனர். வாலரும் உயிர் நீத்தார். பிழைத்தவர்கள் சிறைப்பட்டனர். அவர்களில் பலரை ஜப்பானியர் பர்மா-சயாம் ரயில் பாதை போட அனுப்பினர். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டதும் அதே பாதையில்தான்.

1944 ஜூன் மாதம் காலின்ஸ் ஆஸ்திரேலியக் கப்பற்படைப் பிரிவின் தளபதியானார். அக்டோபர் 21ஆம் நாள் அதிகாலை, பிலிப்பைன்ஸின் லெய்ட்டி வளைகுடாவில் 'ஆஸ்திரேலியா' என்ற கப்பலின் மேல்தளத்தருகே ஜப்பானிய விமானம் ஒன்று வந்து மோதியது. தீப்பற்றியது. கப்பலின் தலைவரும் டாஸ்மேனியாவில் பிறந்தவருமான எமில் டெஷனோ உட்பட 30 பேர் மாண்டனர். 64 பேர் காயமுற்றனர். காலின்ஸ் முதுகெலும்பு முறிந்து, தீக்காயங்களுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

பழைய வகுப்புத் தோழர் ஃபார்ன்கோம் அவருடைய இடத்துக்கு வந்தார். 1945 ஜனவரியில் லிங்காயென் வளைகுடாவில் அதே கப்பலை ஐந்து நாட்களில் ஐந்து தற்கொலை விமானங்கள் தாக்கின. கப்பல் மூழ்கவில்லை. பின்னர், ஜூலை முதல் நாள், போர்னியோவின் பாலிக்பாப்பானில் ஆஸ்திரேலியப் படைகள் கரையிறங்கக் கப்பல்கள் துணை நின்றன. அந்த மாதமே காலின்ஸ் குணமடைந்து மீண்டும் பொறுப்பேற்றார். ஓய்வு கேட்டிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கேட்கவில்லை.

சரணாகதிக்குப் பின்னும் கடற்படைக்கு வேலை ஓயவில்லை. கண்ணிவெடிகளை அகற்ற வேண்டும். சிறைப்பட்டோரை மீட்க வேண்டும். செப்டம்பர் 11ஆம் நாள் 'கபுண்டா' என்ற சிறிய ஆஸ்திரேலியக் கப்பலில் ஜப்பானியர் கையொப்பமிட, கூச்சிங் நகரின் முகாம் விடுதலை பெற்றது. போர்க்கைதிகளோடு பெண்களும் குழந்தைகளும் கத்தோலிக்கக் கன்னியர் பலரும் அங்கே ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். எத்தனையோ பீரங்கிகள் சாதித்ததைவிட, அன்று அந்தக் கதவு திறந்ததே பெரிய வெற்றி அல்லவா? 'பெர்த்' கப்பலின் 681 பேரில் வீடு திரும்பியவர்கள் சுமார் 220 பேரே.

1948ஆம் ஆண்டில் காலின்ஸ் ஆஸ்திரேலியக் கடற்படையின் தலைமைத் தளபதியானார். அக்கல்லூரியில் பயின்றவர்களுள் அப்பதவியை அடைந்த முதல்வர் இவரே. அவ்வாண்டின் இறுதியில் கடற்படையில் சேர்ந்த முதல் விமானந்தாங்கிக் கப்பலுக்கு 'சிட்னி' என்ற பெயரே மீண்டும் சூட்டப்பட்டது. 1955 வரை அப்பதவியில் இருந்த காலின்ஸ், 1956 முதல் 1962 வரை நியூசிலாந்தில் ஆஸ்திரேலியத் தூதராகப் பணியாற்றினார். 1965இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். தமக்கு நேர்ந்தவை அதிர்ஷ்டவசமானவை என்னும் பொருளில் அதற்குத் தலைப்பிட்டார். புகழைத் தம் திறமைக்கு மட்டுமே உரியதாக அவர் எண்ணவில்லை. 1989 செப்டம்பர் 3ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் இவ்வுலகை விட்டு மறைந்தார்.

பிற்காலத்தில் ஆஸ்திரேலியா ஆறு நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டியது. முதற் கப்பலுக்குக் 'காலின்ஸ்' என்று பெயர். அதன் துணைக் கப்பல்களில் மூன்றின் பெயர்கள் 'ஃபார்ன்கோம்', 'வாலர்', 'டெஷனோ'. ஆழ்கடலில் உறங்கச் சென்றவர்களும் கரை சேர்ந்தவர்களும் அங்கே மீண்டும் ஒன்றுகூடினர்.

அன்பு மாணவியரே! தோழர்கள் போனபின் நாம் மட்டும் எஞ்சியிருப்பது ஒரு பாரம். அந்தப் பாரத்தைக் காலின்ஸ் புலம்பலாகவும் ஆக்கவில்லை, பெருமையாகவும் ஆக்கவில்லை. அன்றாடக் கடமையாக ஆக்கிக்கொண்டார். நமக்கு முன் உழைத்து மறைந்தவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவேயாகட்டும்.