சிரிக்காமல் சிரிக்க வைத்த கலைஞர்

பேசாப்படக் காலத்து நகைச்சுவை என்றால் நம் மாணவ நண்பர்களில் பெரும்பாலோர் சார்லி சாப்ளின் பெயரைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும், அவர் உலகம் போற்றும் மேதை. ஆனால் பிடித்த படத்தை ஆண்டுக்கு ஒரு முறையேனும் எடுத்துப் பார்க்கும் பழக்கமுள்ள எனக்கு, அலுக்காமல் திரும்பத் திரும்ப அழைப்பவர் இன்னொருவர். அவர் பெயர் பஸ்டர் கீட்டன். அவருடைய தலைசிறந்த படம் வெளிவந்தபோது தோற்றது. அந்தத் தோல்வி அவர் வாழ்வையே புரட்டிப் போட்டது. பல ஆண்டுகள் கழித்து உலகம் அதே படத்தை மறுபடியும் பார்த்தது. அந்தக் கதையைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்துப் பிக்குவா என்னும் சிற்றூரில் 1895 அக்டோபர் 4ஆம் நாள் பிறந்தவர் கீட்டன். ஜோசப் ஃபிராங்க் என்பது இயற்பெயர். தாயும் தந்தையும் ஊர் ஊராகச் சென்று மேடையேறும் கலைஞர்கள். குழந்தை நடை பழகியது அரங்கின் பின்கட்டில். ஐந்து வயதிலேயே மகனும் மேடைக்கு வந்துவிட்டான். என்ன வேடம் என்கிறீர்கள்? தந்தையின் கையில் அகப்பட்டுப் பந்துபோல எறியப்படும் வேடம்! தூக்கி எறிய வசதியாக அவன் சட்டையின் முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். திரைச்சீலையின் மேலும், சில நாட்களில் வாத்தியக்காரர் அமரும் பள்ளத்திலும் போய் விழுவான். குழந்தைகள் நலச் சங்கத்தார் அடிக்கடி வந்து உடலில் காயம் உண்டா என்று சோதித்தார்கள். அடிபடாமல் விழும் வித்தையைச் சிறுவன் அதற்குள் கற்றுவிட்டிருந்தான். இன்னொன்றையும் கற்றான்: தான் சிரித்தால் சபை சிரிப்பதில்லை, முகத்தைக் கல்போல வைத்துக்கொண்டால் அரங்கம் அதிர்கிறது. அந்த முகமே பிற்காலத்தில் அவருடைய முத்திரை ஆயிற்று.

தந்தையின் குடிப்பழக்கத்தால் 1917இல் குடும்ப நாடகம் கலைந்தது. அதே ஆண்டு நியூயார்க்கில் ராஸ்கோ ஆர்பக்கிள் என்ற பெரும் நகைச்சுவை நடிகரைச் சந்தித்தார் கீட்டன். படப்பிடிப்புக் கூடத்தில் அவரைக் கவர்ந்தது நடிப்பைவிடக் காமிராதான். அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினார் என்று சொல்வார்கள். அவர் படங்களைப் பார்த்தவர்களுக்கு அதை நம்புவதில் தயக்கம் இராது. அவருடைய மனம் ஒரு மெக்கானிக்கின் மனம். இடையில் முதல் உலகப் போரில் பிரான்சுக்குச் சென்று, செவித்திறனில் ஒரு பகுதியை இழந்து திரும்பினார்.

1920 முதல் சொந்தப் படக்குழு. அவ்வாண்டு வந்த 'ஒன் வீக்' குறும்படத்தில் புதுமணத் தம்பதியர் பெட்டிகளில் வந்த பலகைகளைப் பொருத்தி வீடு கட்டுகிறார்கள். பொறாமைக்காரன் ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றிவிடுகிறான். கோணல்மாணலாக எழும் வீடு புயலில் பம்பரமாய்ச் சுழல்கிறது. பிறகு அதை இழுத்துச் செல்லும்போது தண்டவாளத்தின் குறுக்கே சிக்கிக்கொள்கிறது. ரயில் வருகிறது; கண்ணை மூடிக்கொள்கிறோம். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்று மூச்சு விடும் கணத்தில் எதிர்த் திசையிலிருந்து வரும் இன்னொரு ரயில் வீட்டை நொறுக்கிவிடுகிறது. முடிவு தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அந்த முதல் ரயிலுக்கு நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

1924இல் வந்த 'ஷெர்லாக் ஜூனியர்' இன்னும் விந்தையானது. படம் ஓட்டும் ஆபரேட்டர் ஒருவன் தூங்கிப் போகிறான். கனவில் எழுந்து சென்று திரைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறான். அவன் நிற்க, பின்னால் தெருவும் மலையும் கடலும் பனியும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இடம் மாறினாலும் ஆள் இம்மியும் நகராதிருக்க, நில அளவைக் கருவிகளைக்கொண்டு தூரம் அளந்து எடுத்தார்களாம். அதே படத்தில் ரயிலுக்குத் தண்ணீர் நிரப்பும் தொட்டிக் குழாயிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தின்மேல் வீழ்த்தியது. கடுமையான தலைவலியோடு வேலையைத் தொடர்ந்தார். கழுத்தெலும்பு முறிந்து தானே கூடியிருந்ததை, பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு மருத்துவர் கண்டு சொன்னார்.

ஆபத்தான செயல்களைத் துண்டு துண்டாக வெட்டாமல், ஆளும் இடமும் முழுமையாகத் தெரியும்படி எடுக்கவே அவர் விரும்பினார். வெட்டினால் ஏமாற்று என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார் அல்லவா? முதல் முறை பார்க்கையில் சிரிக்கிறோம். இரண்டாம் முறை, இதை எப்படிச் செய்தார் என்று வியக்கிறோம். அடுத்த முறை நடுங்குகிறோம்.

இனி 'தி ஜெனரல்'. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862இல் வடக்குப் படையினர் ஜார்ஜியாவில் ஒரு ரயில் இஞ்சினைக் கடத்திச் சென்றது வரலாறு. அதைத் தெற்கத்தி இஞ்சின் டிரைவர் ஒருவனின் கதையாக மாற்றினார் கீட்டன். 1926 கோடையில் ஆரிகன் மாநிலத்துக் காட்டேஜ் குரோவில் படப்பிடிப்பு. காதலியும் கைவிட, மனமுடைந்த டிரைவர் இஞ்சின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மேல் உட்காருகிறான். இஞ்சின் நகர, தண்டோடு சேர்ந்து அவனும் மேலும் கீழுமாகப் போகிறான். அது தெரியாமலே சோகத்தில் ஆழ்ந்திருக்கிறான். சக்கரம் சற்றே வழுக்கிச் சுழன்றிருந்தால் உயிர் போயிருக்கும். வேறோர் இடத்தில், ஓடும் இஞ்சினின் முன்புறம் அமர்ந்து, கையிலுள்ள ஸ்லீப்பர் கட்டையை எறிந்து, பாதையில் கிடக்கும் மற்றொரு கட்டையைத் தட்டிவிடுகிறான். படத்தின் உச்சத்தில் எரியும் பாலம் முறிந்து, உண்மையான இஞ்சின் ஒன்று ஆற்றில் விழுகிறது. பொம்மை இஞ்சின் வைத்து எடுத்த காட்சியன்று அது. விழுந்த இஞ்சின் இரண்டாம் உலகப் போர்க் காலம்வரை ஆற்றிலேயே கிடந்து, பிறகு இரும்புக்காக எடுக்கப்பட்டது.

குறையும் உண்டு. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் பக்கத்தை நாயகனின் பக்கமாக வைத்த இப்படம், அந்த அடிமைகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. படத்தை நேசிப்பவர்களும் இதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

ஏறக்குறைய ஏழரை லட்சம் டாலர் செலவான படம் போட்ட பணத்தை எடுக்கவில்லை. அன்றைய விமர்சகர் பலர் நகைச்சுவை போதவில்லை என்று ஒதுக்கினர். 1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில், வீட்டின் முன்சுவர் முழுதும் அவர்மேல் சாய, மாடிச் சன்னலின் திறப்பு மட்டும் அவரைக் காப்பாற்றுகிறது. சில அங்குலம் தவறியிருந்தால் இக்கட்டுரையே வேறாக இருந்திருக்கும். அந்தப் படமும் கைகொடுக்கவில்லை. தயாரிப்பாளர் சொந்தக் குழுவைக் கலைத்து, அவரை எம்.ஜி.எம். நிறுவனத்திற்கு அனுப்பிவைத்தார். சாப்ளினும் ஹரால்டு லாய்டும் வேண்டாமென்று தடுத்ததாகக் கீட்டன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

அங்கே 'தி கேமராமேன்' ஒன்றைச் சிறப்பாகச் செய்ய முடிந்தது. பிறகு எல்லாம் எழுதித் தந்தபடியே நடக்க வேண்டும் என்றாயிற்று. பேசும்படம் வந்ததும் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் வசனங்களை உருப்போட்டு ஒரே படத்தில் மீண்டும் மீண்டும் நடித்தார். வேதனை என்னவென்றால், அந்தச் சுமாரான படங்கள் நல்ல வசூல் கண்டன! தந்தையின் குடிப்பழக்கம் மகனைப் பற்றியது. 1932இல் மணமுறிவு, இரு மகன்களின் குடும்பப் பெயர்கூட மாற்றப்பட்டது. 1933இல் வேலையும் போயிற்று. பின்னர் அதே நிறுவனத்தில் குறைந்த கூலிக்குப் பிற நடிகர்களுக்கு வேடிக்கை எழுதிக் கொடுத்தார். 1940இல் எலினார் என்ற நடனப் பெண்மணியை மணந்த பின்னரே வீட்டில் அமைதி வந்தது.

1949இல் ஜேம்ஸ் ஏஜி என்ற எழுத்தாளர் 'லைஃப்' இதழில் பேசாப்பட நகைச்சுவையாளர்களைப் பற்றி எழுதிய கட்டுரை, மறந்தவர்களுக்குக் கீட்டனை நினைவூட்டியது. அவருடைய பழைய மாளிகையை வாங்கியிருந்த நடிகர் ஜேம்ஸ் மேசன் அங்கே பூட்டிக் கிடந்த படச்சுருள்களைக் கண்டெடுத்தார். அக்காலத்துச் சுருள் எளிதில் தீப்பற்றும். தானே மக்கிப் பொடியாகும். 1954இல் கீட்டனைச் சந்தித்த ரேமண்ட் ரோஹாவர் என்ற திரையரங்குக்காரர், எஞ்சியவற்றைப் புதிய சுருளுக்கு மாற்றித் திரையிட ஏற்பாடு செய்தார். 1960இல் சிறப்பு ஆஸ்கார். 1965இல் வெனிஸ் விழாவில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. 1966 பிப்ரவரி 1ஆம் நாள், நுரையீரல் புற்றுநோயால் தம் எழுபதாம் வயதில் மறைந்தார். காத்து வைக்கத்தக்கவை என்று அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு 1989இல் தேர்ந்த முதல் 25 படங்களுள் 'தி ஜெனரல்' ஒன்று.

பார்க்க விரும்பும் தோழர்கள் 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் தொடங்கலாம். முக்கால் மணி நேரந்தான், ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும். பிறகு 'தி ஜெனரல்' படத்தை இரு முறை பாருங்கள். நாயகன் விறகு வெட்டும் காட்சியில், முதல் முறை எல்லோரும் அவனைத்தான் பார்ப்போம். இரண்டாம் முறை அவன் முதுகுக்குப் பின்னால் பாருங்கள்: அவன் தலை நிமிர்வதற்குள் தெற்குப் படை முழுதும் பின்வாங்கி, வடக்குப் படை முழுதும் முன்னேறிக்கொண்டிருக்கும்.