கண்ணில் வளரும் சதையும் அல் ஸஹ்ராவியின் ஊசியும்

ஒகேனக்கல் பரிசல் ஓட்டிகளைப் போல, நாளெல்லாம் வெயிலிலும் ஆற்றுநீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியிலும் உழைப்பவர்களுக்குக் கண்ணில் சதை வளரும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் மூக்கை ஒட்டிய ஓரத்தில் தொடங்கி மெல்லக் கருவிழிமீது ஏறும் இந்தச் சதையை அரபு மருத்துவர்கள் ‘ளஃபரா’ என்றார்கள். நகம் என்ற பொருளுள்ள சொல்லோடு தொடர்புடைய பெயர் அது. நம் நாட்டின் சுஸ்ருத சம்ஹிதையும் இதற்கான அறுவை சிகிச்சையைப் பேசுகிறது. இஸ்லாமிய உலகில் அதைப் படிப்படியாக எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் அபுல் காஸிம் அல் ஸஹ்ராவி (ரஹ்) அவர்கள்.

ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகருக்கு அருகில் இருந்த மதீனத்துஸ் ஸஹ்ராதான் அவர்களது ஊர். கி.பி. 936 வாக்கில் பிறந்து 1013 வாக்கில் மறைந்தார்கள். அவர்கள் எழுதிய ‘அத்தஸ்ரீஃப்’ 30 பாகங்கள் கொண்டது. கடைசிப் பாகம் முழுவதும் அறுவை மருத்துவம். சுமார் 200 கருவிகளின் படங்களும் அதில் உண்டு.

கண் சதைக்கு அவர்கள் சொன்ன முறை இது: சதையைச் சிறு கொக்கியால் தூக்க வேண்டும். அதன் அடியில் ஊசியால் குதிரைமுடியையும் நூலையும் நுழைக்க வேண்டும். முடியை ரம்பம்போல் இழுத்துக் கருவிழி ஓரம்வரை சதையைப் பிரித்து, பிறகு வெட்டி எடுக்க வேண்டும். கண் மூலையில் இயற்கையாக உள்ள சதையை மட்டும் தொடக்கூடாது. அதை வெட்டினால் கண்ணீர் நிற்காமல் வடிந்துகொண்டே இருக்கும் என்று எச்சரித்தார்கள்.

உடற்கூறு அறியாதவர் கத்தியைத் தொடக்கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பானவர்கள். ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறியாமையால் கீறிய மருத்துவர் இரத்தக் குழாயை அறுத்துவிட, அப்பெண் இறந்துபோனதை அந்த நூலிலேயே பதிவு செய்தார்கள்.

அவர்கள் காலத்திலேயே உள்நாட்டுக் கலகத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. ஊர் அழிந்தாலும் நூல் அழியவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது.

சதையை வெறுமனே வெட்டினால் மீண்டும் வளர்வதுண்டு. இன்று, பெரும்பாலும் அதே கண்ணின் மேல்பகுதியிலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து, வெட்டிய இடத்தில் தையலாலோ பசையாலோ ஒட்டுகிறார்கள். மறுவளர்ச்சி வெகுவாகக் குறைகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் சதை தெரிந்தால் கைமருந்து ஊற்றிக் காலம் கடத்தாமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அறியாத கையில் உடலைக் கொடுக்காதீர்கள் என்பதே அந்த மேதை நமக்கு விட்டுச் சென்ற பாடம்.