நெடியவரின் கடைசி விருப்பம்

அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள லிட்டில்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் 1761-ஆம் ஆண்டு பிறந்தவர் சார்லஸ் பைர்ன். 7 அடி 7 அங்குலம் வளர்ந்த அவர், 1782-இல் லண்டனுக்கு வந்து, கட்டணம் செலுத்தியோர் காணத் தம் உடலையே காட்சிப்பொருளாக்கிப் பிழைத்தார். புகழ் விரைவில் மங்கியது. சேமிப்பு களவு போயிற்று. குடியும் நோயும் சேர்ந்துகொள்ள, 1783 ஜூனில் தமது 22-ஆவது வயதில் மறைந்தார்.

உடற்கூற்றியலாளர்கள் தம் உடலுக்காகக் காத்திருப்பதை அறிந்திருந்த பைர்ன், தம்மைக் கடலில் அடக்கம் செய்யுமாறு நண்பர்களை வேண்டியிருந்தார். ஆனால், அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் பணம் கொடுத்து அவ்வுடலைக் கைப்பற்றினார். லண்டனில் உள்ள ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் அந்த எலும்புக்கூடு பல தலைமுறைகளுக்குக் காட்சியாக நின்றது.

1909-இல் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் மண்டையோட்டைத் திறந்து பார்த்தார். மூளையின் அடியில் பிட்யூட்டரி சுரப்பி அமரும் குழி பெரிதும் விரிந்திருந்தது. பைர்னின் உயரத்துக்குக் காரணம் அச்சுரப்பியில் எழுந்த கட்டியே என்பது தெளிவாயிற்று.

பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன், கல்லீரலைத் தூண்டி ஐஜிஎஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணியை உண்டாக்குகிறது. அக்காரணி எலும்புகளை நீளச் செய்கிறது. அளவு மிகும்போது, போதும் என்ற செய்தியைப் பிட்யூட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. கட்டியின் செல்கள் அக்கட்டளைக்கு உரியவாறு அடங்குவதில்லை. எலும்பு முனைகள் மூடுவதற்கு முன்பே, இளமையில் இது நேர்ந்தால் உடல் அளவின்றி வளர்கிறது.

2011-இல் பைர்னின் பற்களிலிருந்து எடுத்த மரபணுப்பொருளை ஆராய்ந்தவர்கள், ஏஐபி என்ற மரபணுவில் பிறழ்வைக் கண்டனர். அதே பிறழ்வு இன்றும் வட அயர்லாந்துக் குடும்பங்கள் சிலவற்றில் தொடர்கிறது. அக்குடும்பத்தினரை முன்கூட்டியே சோதித்து, கட்டியைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து சிகிச்சை அளிக்க இன்று வழி உண்டு. பைர்னுக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை.

2023-இல் மீண்டும் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து விலக்கியது. எனினும் ஆய்வுக்கெனத் தன்னிடமே வைத்துக்கொண்டது. நாளைய ஆய்வு நுட்பங்கள் புதிய உண்மைகளைத் தரலாம் என்னும் வாதத்தைப் புறந்தள்ள இயலாது. ஆயினும், இசைவு தராத ஒருவரின் உடலிலிருந்து மருத்துவம் பெற்றது ஏற்கெனவே மிகுதி. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதை இனியாவது நிறைவேற்றுவதே முறை.