இரட்டையர் சிரித்த சிரிப்பு

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. வடகிழக்கே திருக்கோவலூரைத் தழுவித் தென்பெண்ணை ஓடுகிறது. அப்பெண்ணையாற்றுப் பிரதேசத்துக்கு முற்காலத்தில் திருமுனைப்பாடி நாடு என்று பெயர். அந்நாட்டில் வக்கபாகையிலிருந்து ஆண்ட வரபதி ஆட்கொண்டான், வில்லிபுத்தூராரைக் கொண்டு பாரதம் பாடுவித்த பிரபு என்பதை அன்பர்கள் அறிவார்கள். அவனுடைய ஆதரவைப் பெற்றவர்களாகக் கூறப்படும் வேறிரு புலவர்களின் சரிதத்தையே இன்று நாம் நினைவுகூர விரும்புகிறோம்.

முதுசூரியர், இளஞ்சூரியர் என்பன அவர்கள் பெயர்கள். சோழநாட்டு இலந்துறையில் அம்மான் மகனும் அத்தை மகனுமாகப் பிறந்தவர்கள் என்பது கர்ண பரம்பரை. ஒருவருக்குக் கண்ணில்லை, மற்றவருக்குக் காலில்லை. காலில்லாதவர் கண்ணில்லாதவரின் தோள்மீதமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர் ஊராய்ச் சென்றனர். வெண்பாவின் முற்பாதியை ஒருவர் சொல்ல, பிற்பாதியை மற்றவர் முடிப்பார். உலகம் அவர்களை இரட்டையர் என்றழைத்தது.

தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா ஆகியவை இவர்கள் இயற்றிய பிரபந்தங்கள். ஆயினும் ஜனங்களின் நெஞ்சில் இவர்களை நிலைநிறுத்தியவை தனிப்பாடல்களே. மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் கண்ணில்லாதவர் துணி துவைக்கையில் அது கைநழுவிப் போயிற்றாம். ஓயாது அடித்தால் அது நம்மைவிட்டு ஓடாதோ என்று சிரித்தார் தோழர். துணி போனாலென்ன, சொக்கலிங்கம் துணையிருக்கிறார் என்று விடையளித்தார் மற்றவர். அடித்தலுக்கும் அகன்று போதலுக்கும் பொதுவான ஒரு சொல், ஆடைக்கும் ஆண்டவனுக்கும் இயைந்த ஓர் ஓசை. இவ்விரண்டையும் கொண்டே அச்சிலேடை பிறந்தது. உடுத்த மாற்றுத் துணியில்லாதவரின் நகைச்சுவை அது!

ஆங்கூர்ச் சிவன் கோயிலில் இவர்கள் பசியோடு நின்றனர். நாங்கள் பட்டினி கிடப்பது நியாயமா என்று ஒருவர் இறைவனைக் கேட்டார். இங்கே சங்கொலியும் முரசொலியும் உண்டு, சோற்றைக் கண்டவர் யார் என்று மற்றவர் முடித்தார். ஆரவாரம் மிகுந்து அன்னம் குறைந்த ஸ்தாபனங்களை இதனினும் சுருக்கமாக எவரும் பரிகசித்ததில்லை என்போம்.

அதனினும் கூரியது வேறொன்று. குன்றும் காடும் கடந்து கால் தேய நடந்தும், ஒன்றும் கொடாதவனை அரசன் என்றும் கற்பகச் சோலை என்றும் புகழ்ந்தோமே, இத்துன்பம் நமக்கு வேண்டியதுதான் என்று இருவரும் நொந்து பாடினர். இங்கே அடிபடுபவன் உலோபி மட்டுமன்று. பொய்ப்புகழ் விற்ற புலவரும் உடன் அடிபடுகின்றனர். பிறர் தரும் சோற்றால் உயிர்வாழ்ந்தவர்கள் தம் தொழிலின் சிறுமையைத் தாமே அம்பலப்படுத்துவது எளிய காரியமா?

இவர்களைப் பற்றிய கதைகளுள் எல்லாவற்றையும் நாம் சரித்திரமாகக் கொள்ளவேண்டியதில்லை. திருவாமாத்தூரில் ஆற்றின் எக்கரையில் கோயில் உள்ளது என்பதை மாற்றிப் பாடிவிட, ஆறே இரவில் வழிமாறி அவர்கள் வாக்கை மெய்யாக்கியது என்பர். திருவாரூரில் இவர்கள் பாதியில் விட்ட பாடலைக் காளமேகம் முடித்தாரென்றும், அவரைத் தேடி வந்தபோது அவர் சிதையில் எரியக் கண்டு புலம்பினரென்றும் கூறுவர். ஏகாம்பரநாதர் உலா குறிக்கும் சம்புவராய மன்னன் 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டவன். காளமேகத்தோடு தொடர்புடைய திருமலைராயனோ 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவன். இடையே நூறாண்டுகள் கிடக்கின்றன. எனினும் நகைச்சுவைப் புலவர் மூவரையும் ஒரு கதையில் சேர்த்துப் பார்க்க ஜனங்கள் ஆசைப்பட்டனர் என்பது மட்டும் உண்மை.

பரிகாசம் கூரிய ஆயுதம். பொதுவாழ்வில் ஈடுபட்டோர் மேடையேறி எதிராளியை ஏளனம் செய்து கைதட்டல் பெறுவது எளிது. தம் கட்சியின் வெற்று முழக்கத்தையும், தாமே சூட்டிய பொய்ப்பட்டங்களையும் கண்டு சிரிக்கத் துணிந்தவர் எத்தனை பேர்? இரட்டையர் தம் கந்தலைக் கண்டு முதலில் சிரித்தனர். அதனால் ஆண்டவனைக் கேலி செய்யவும் அவர்களுக்கு உரிமை பிறந்தது. ஊரும் கேட்டு மகிழ்ந்தது. ஒருவர் குறையை மற்றவர் நிறைத்து, இருவர் ஒருவராய் நடந்த அந்தப் பயணமும் நமக்கொரு பாடம். தன்னை நோக்கிச் சிரிக்கத் தெரிந்த சமூகமே தன்னைத் திருத்திக்கொள்ளவும் வல்லதாகும்.