பருத்திக் காட்டுச் சிறுமி கல்லூரித் தலைவரானார்!

அமெரிக்காவில் தெற்குக் கரோலினா மாநிலத்தில் மேயஸ்வில் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்கு வேலையாகச் சென்ற தாயுடன் ஒரு கறுப்பினச் சிறுமியும் போயிருந்தாள். அந்த வீட்டுக் குழந்தையின் புத்தகம் ஒன்றை ஆசையோடு கையில் எடுத்தாள். கறுப்பருக்குப் படிக்க வராது, அதைக் கீழே வை என்று அதட்டினாள் அந்த வீட்டுக் குழந்தை. அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. பிற்காலத்தில் ஒரு கல்லூரியையே உண்டாக்கி, அதன் தலைவராக விளங்கிய மேரி மக்லியோட் பெத்யூன் அம்மையாரே அந்தச் சிறுமி.

அடிமைகளின் மகள்

மேரி 1875-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். 17 குழந்தைகளில் இவர் 15-வது. குடும்பமே பருத்திக் காட்டில் பாடுபட்டது. ஊரில் மிஷன் பள்ளி ஏற்பட்டதும் மேரி சேர்ந்தார். பல மைல் நடந்து சென்று படித்ததை மாலையில் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தார். மேற்படிப்புக்கு, டென்வர் நகரத் தையற்காரப் பெண்மணி ஒருவர் தம் சேமிப்பிலிருந்து உதவினார்.

ஆப்பிரிக்காவில் சமயத் தொண்டு செய்ய மேரி விரும்பினார். கறுப்பினத்தவருக்கு அந்த வேலை இல்லை என்று சபையார் கைவிரித்துவிட்டனர். அவர் ஆசிரியையானார்.

மூலதனம் ஒன்றரை டாலர்

1904-ம் ஆண்டு அக்டோபரில் புளோரிடா மாநிலத்து டேடோனாவில் ஒரு வாடகை வீட்டில் பள்ளி தொடங்கினார். கையில் இருந்தது ஒன்றரை டாலர். ஐந்து மாணவிகளும் அம்மையாரின் மகனுமே முதல் வகுப்பு. பழைய மரப்பெட்டிகள் மேஜைகளாயின. எரிந்த கட்டையின் கரி பென்சிலாயிற்று. காட்டுப் பழச்சாறு மையாயிற்று. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பலகாரம் செய்து தொழிலாளரிடம் விற்றுப் பணம் சேர்த்தார். ஊர்க் குப்பை கொட்டிய நிலத்தைத் தவணையில் வாங்கினார். சோப்புக் கம்பெனி முதலாளி ஜேம்ஸ் காம்பிள் போன்ற செல்வர்களையும் நேரில் கண்டு உதவி பெற்றார்.

நோயுற்ற மாணவி ஒருத்தியை வெள்ளையர் ஆஸ்பத்திரியின் பின்புறத் தாழ்வாரத்தில் கிடத்தியிருந்தார்கள். அதைக் கண்டு பொறுக்காமல் 1911-ல் தாமே ஓர் ஆஸ்பத்திரி திறந்தார்.

முகமூடிக் கூட்டம்

1920-ல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. கறுப்பினத்தவரை வாக்களிக்கும்படி அம்மையார் தூண்டினார். ஒரு தேர்தலுக்கு முந்திய இரவில், வெள்ளை அங்கி அணிந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டம் பள்ளிக்குள் புகுந்து மிரட்டியது. அம்மையார் அசையவில்லை. மறுநாள் தம் மக்களை அழைத்துச் சென்று வாக்களித்தார்.

1923-ல் ஜாக்சன்வில் நகரத்துக் குக்மன் கல்வி நிலையம் இவருடைய பள்ளியோடு இணைந்தது. அதுவே பெத்யூன்-குக்மன் கல்லூரியாக வளர்ந்தது. 1942 வரை அம்மையார் தலைமை வகித்தார். 1946-47-ல் மீண்டும் அப்பொறுப்பை ஏற்றார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில் இளைஞர் நலத் துறையில் கறுப்பினத்தவர் பிரிவுக்கு இயக்குநராகவும் இருந்தார்.

1955-ம் ஆண்டு மே 18-ந் தேதி காலமானார். கல்லூரி வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கல்லூரி 2007-ல் பல்கலைக்கழகமாயிற்று.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் புளோரிடாவின் சார்பில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட அணியின் தளபதி ஒருவரின் சிலை நெடுங்காலம் நின்றது. 2022-ல் அதற்குப் பதிலாக அம்மையாரின் பளிங்குச் சிலை வைக்கப்பட்டது. பட்டமளிப்பு அங்கி அணிந்து நிற்கும் அந்தச் சிலையின் அருகே புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கீழே வை என்று அதட்ட இன்று யாரும் இல்லை!