ஆடுகளமும் அவையும் வளர்த்த ஜெய்பால் சிங்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போனதால்தான் எனக்கு இந்தப் படிப்பு வாய்த்தது. ஆகவே மாலையில் ஹாக்கி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மைதானத்துக்குப் போகும்போதும், சொற்போர் மன்றத்தில் பேசப் பெயர் கொடுக்கும்போதும் என் மனத்தில் ஓர் உறுத்தல் எழும். படிப்பதற்காக அனுப்பப்பட்டவன் நான். இவற்றில் பொழுதைச் செலவிட எனக்கு உரிமை உண்டா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். சென்ற ஆண்டு செய்முறைத் தேர்வும் ஹாக்கிப் போட்டியும் ஒரே நாளில் வந்தன. நான் தேர்வுக்குப் போனேன். எங்கள் அணி தோற்றது.

அந்த வாரத்தில் நூலகத்தில் எதையோ தேடப் போய், ஜெய்பால் சிங் என்னும் பெருமகனின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது. அவரும் தம் ஊரிலிருந்து படிக்கப் போனவர், மட்டை பிடித்தவர், மேடை ஏறியவர். தேர்வுக்கும் ஆட்டத்துக்கும் இடையே அவருக்கும் ஒரு நாள் இக்கட்டு வந்தது. அவர் எடுத்த முடிவு வேறு. அந்த வரலாற்றை என்னுடன் பயிலும் நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

காட்டுச் சிற்றூரில் பிறப்பு

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் குந்தி என்னும் ஊருக்கு அருகில் தக்ரா என்ற சிற்றூர் உள்ளது. அங்கே முண்டா பழங்குடியில் 1903ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் ஜெய்பால் பிறந்தார். இளமையில் அவருக்கு வழங்கிய பெயர் பிரமோத் பாகன். பாகன் என்பது முண்டா மக்களிடையே ஊர்ப் பூசாரியைக் குறிக்கும் சொல். மாடு மேய்த்துக் காடு சுற்றிய அந்தச் சிறுவனை ராஞ்சியில் கிறித்தவச் சபையார் நடத்திய புனித பவுல் பள்ளியில் சேர்த்தார்கள். படிப்பிலும் ஆட்டத்திலும் அவன் காட்டிய சூட்டிகையைக் கண்ட பள்ளித் தலைவர் காஸ்கிரேவ் என்ற பாதிரியார், முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் அவனை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்.

காடும் வயலும் அன்றி வேறறியாத ஒரு பிள்ளை, கடல் கடந்து, மொழியும் உணவும் குளிரும் புதிதான நாட்டில் கால் வைத்ததை எண்ணிப் பாருங்கள். நம்மில் பலர் சொந்த ஊரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து இக்கல்லூரிக்கு வந்த முதல் நாளில், அலுவலகச் சன்னல் முன் நின்று என்ன கேட்பது என்று தெரியாமல் விழித்தோம். அந்தத் திகைப்பைப் பல மடங்கு பெருக்கினால் அவர் நிலை விளங்கும்.

கல்லூரி வாழ்வு

கான்டர்பரி நகரில் சில காலம் பயின்ற பின், 1922ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் புனித ஜான் கல்லூரியில் அவர் சேர்ந்தார். ஆக்ஸ்போர்டு என்றவுடன் பெரியதொரு கட்டடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிப் படிக்கும் இடம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது பல கல்லூரிகளின் தொகுதி. ஒவ்வொரு கல்லூரியிலும் அந்நாளில் சில நூறு மாணவர்களே இருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியே உணவுக் கூடம், நூலகம், ஆட்டக் குழு, விவாத மன்றம் எல்லாம் உண்டு. மாணவர் தொகை குறைவு என்பதால் எவரும் ஓரமாக ஒதுங்கி நிற்க முடியாது. அணிக்கு ஆள் வேண்டும். மன்றத்துக்குப் பேச்சாளர் வேண்டும். நம் கல்லூரி போன்ற சிறிய கல்லூரியில் படிப்பவர்களுக்கு இது புரியும். இங்கும் நீளத்தாண்டுபவனே கயிறிழுக்கவும் வருகிறான். நாடகத்தில் அரசனாக நடிப்பவனே திரையும் இழுக்கிறான்.

ஜெய்பால் அந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தினார். வளைகோல் பந்தாட்டம் என்று நாம் தமிழில் சொல்லும் ஹாக்கியில் அவர் பின்களக் காப்பாளர். கோல் அடிப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும். பின்களத்தில் நிற்பவருக்கோ பிழை செய்தால் மட்டுமே பெயர் வெளியே வரும். எதிரணி பந்தை எந்தப் பக்கம் தள்ளப்போகிறது என்பதை முன்கூட்டியே உணர்ந்து, சரியான இடத்தில் நின்று, தடுத்த பந்தைத் தம் ஆட்களுக்கு அனுப்புவதே அவர் வேலை. அதில் தேர்ந்து அவர் பல்கலைக்கழக அணியில் இடம்பெற்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆண்டுதோறும் நடக்கும் ஆட்டத்தில் ஆக்ஸ்போர்டுக்காக ஆடுபவர்களுக்கு 'புளூ' என்னும் சிறப்பு வழங்கப்படும். ஹாக்கியில் ஜெய்பால் அதைப் பெற்றார்.

கல்லூரியின் விவாத மன்றத்துக்கும் அவர் தலைவரானார். அத்தகைய மன்றங்களில் ஒருவர் தீர்மானத்தை முன்மொழிவார்; ஒருவர் எதிர்ப்பார்; பிறகு அவையோர் பேசுவார்கள்; முடிவில் வாக்கெடுப்பு நடக்கும். எதிர்த்துப் பேசுபவனிடம் நேராகச் சண்டைக்குப் போகாமல் தலைவரை நோக்கியே பேச வேண்டும் என்பது விதி. சினத்தை அடக்கவும், எதிரியின் வாதத்தைக் காது கொடுத்துக் கேட்கவும், சிறுபான்மையாக நின்றாலும் தயங்காமல் எழுந்து பேசவும் அந்த விதிகள் பழக்குகின்றன. ஆண்ட நாட்டின் பிள்ளைகள் நிறைந்த அவையில், ஆளப்பட்ட நாட்டின் காட்டுச் சிற்றூர்ப் பிள்ளை தலைவர் இருக்கையில் அமர்ந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. இவற்றுக்கு இடையே பொருளாதாரப் பாடத்தையும் அவர் கைவிடவில்லை. 1926இல் சிறப்புப் பட்டம் பெற்றார்.

இக்கட்டான நாள்

பட்டம் பெற்ற பின் அவர் ஐ.சி.எஸ். பணிக்குத் தேர்வு பெற்றுப் பயிற்சியில் சேர்ந்தார். அந்நாளில் இந்தியர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த உத்தியோகம் அது. மாவட்ட ஆட்சியர் பதவி, ஓய்வூதியம், ஊரார் எழுந்து நிற்கும் மரியாதை எல்லாம் அதில் அடங்கும். ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரி அதற்கு மேல் என்ன கேட்பான்?

அப்போதுதான் 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஆடவிருந்த இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை ஏற்க அவருக்கு அழைப்பு வந்தது. ஒலிம்பிக்கில் இந்தியா ஹாக்கி ஆடுவது அதுவே முதன்முறை. ஜெய்பால் விடுப்புக் கேட்டார். இலண்டனில் இருந்த இந்திய அலுவலகம் விடுப்புத் தர மறுத்தது. அனுமதியின்றியே அவர் ஆம்ஸ்டர்டாம் சென்றார்.

அந்த அணி ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0 என்று வென்றது. மே 26ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 3-0 என்று வென்று தங்கம் பெற்றது. ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள். அவற்றுள் 14 தியான் சந்த் அடித்தவை. எதிரணிகள் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஒலிம்பிக்கில் இந்தியா வென்ற முதல் தங்கம் இதுவே.

ஆனால் அந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் ஆடவில்லை. அணியின் மேலாளருடன் ஏற்பட்ட பிணக்கால் இடையிலேயே விலகிவிட்டார். இதை மறைத்து எழுதினால் வரலாறாகாது. திரும்பி வந்தவரிடம், விடுப்பின்றிப் போனதற்காக மேலும் ஓராண்டு பயிற்சியில் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. அவர் இணங்கவில்லை. ஐ.சி.எஸ். பணியை விட்டு வெளியேறினார். எந்த ஆட்டத்துக்காகப் பதவியைப் பணயம் வைத்தாரோ, அதன் இறுதி நாளும் அவருக்குக் கிட்டவில்லை, பதவியும் கிட்டவில்லை.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். செய்முறைத் தேர்வுக்குப் போன நானே அறிவாளி என்று அன்று மாலை எனக்குத் தோன்றியது. மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன்.

கைவிடாத கல்வி

அடுத்த பத்தாண்டுகள் அவர் பல இடங்களில் பணி செய்தார். ஓர் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தார். பின்னர் ஆப்பிரிக்காவில், இன்று கானா எனப்படும் நாட்டின் அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியரானார். இந்தியா திரும்பி, ராய்ப்பூரில் மன்னர் வீட்டுப் பிள்ளைகள் படித்த ராஜ்குமார் கல்லூரியில் முதல்வர் பொறுப்பு வகித்தார். பிகானேர் சமஸ்தானத்திலும் உயர் பதவியில் இருந்தார். இவ்வளவு காலமும் தம் ஊர் மக்களை விட்டு அவர் வெகு தூரத்தில் இருந்தார்.

1939ஆம் ஆண்டு சனவரியில் ராஞ்சியில் கூடிய ஆதிவாசி மகாசபைக்குத் தலைமை தாங்கியபோது அவருக்கு வயது 36. அன்றுமுதல் அவர் தம் மக்களுடையவரானார். மக்கள் அவரை மராங் கோம்கே, அதாவது பெருந்தலைவர், என்று அழைத்தார்கள்.

இந்தியாவின் அரசியலமைப்பை வகுக்கக் கூடிய அரசியல் நிர்ணய சபையில் அவர் உறுப்பினரானார். 1946ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள், நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தின் மீது பேச எழுந்தார். பிறர் இழிவாக வழங்கும் காட்டான் என்ற சொல்லைத் தமக்குரிய பெயராகப் பெருமையுடன் ஏற்றுக்கொண்டார். பழங்குடி மக்களுக்கு யாரும் சனநாயகம் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்து அதைக் கற்றுக்கொள்ளலாம் என்றார். அவையில் பழங்குடிப் பெண்கள் இடம்பெறாததையும் சுட்டிக்காட்டினார். பிற்பாடு மதுவிலக்குப் பற்றிய விவாதத்தில், பழங்குடி வழிபாட்டில் அரிசிக் கள்ளுக்குள்ள இடத்தை எடுத்துச் சொல்லி எதிர்த்தார். ஆதிவாசி என்ற சொல்லே சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்று வாதாடினார். அது ஏற்கப்படவில்லை. எனினும் அவர் அவையை விட்டு ஓடவில்லை. அடுத்த பொருளில் மீண்டும் எழுந்து பேசினார். எண்ணிக்கையில் சிறியவனாக இருந்தும் தலைவரை நோக்கி நிமிர்ந்து பேசும் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் நின்ற இடம் அங்கும் பின்களமே. மக்களின் நிலத்தையும் பெயரையும் நோக்கி வரும் பந்தை முன்கூட்டியே கண்டு தடுப்பதே அவர் வேலையாக இருந்தது.

1950இல் ஜார்க்கண்ட் கட்சி உருவாயிற்று. 1952 தேர்தலில் அது பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களை வென்று முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. ஆயினும் மாநிலச் சீரமைப்புக் குழு தனி மாநிலக் கோரிக்கையை ஏற்கவில்லை. 1963இல் ஜெய்பால் தம் கட்சியைக் காங்கிரசில் இணைத்தார். அவரை நம்பியிருந்த பலர் அதனால் மனம் கசந்தார்கள். மக்களவை உறுப்பினராக இருந்தபோதே 1970ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் தில்லியில் காலமானார். அவர் கேட்ட மாநிலம் 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள்தான் பிறந்தது. இந்த இறுதி ஆட்டத்திலும் அவர் களத்தில் இல்லை.

நமக்குச் சொல்வது

நண்பர்களே! தேர்வை விட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஜெய்பால் கொடுத்த விலையைக் கொடுக்க என்னால் இயலாது. என் அண்ணனின் உழைப்பைப் பணயம் வைக்க எனக்கு உரிமையும் இல்லை. மறுபடியும் அதே நாள் வந்தால் நான் செய்முறைத் தேர்வுக்கே போவேன்.

ஆனால் மற்ற நாட்களில் மட்டையைத் தூக்கும்போது இனி எனக்கு உறுத்தல் இராது. அவருக்குக் கிடைத்த பதவி கையை விட்டுப் போயிற்று. ஆடுகளத்திலும் விவாத மன்றத்திலும் அவர் கற்றது அவரை விட்டுப் போகவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, பேச ஆளில்லாத மக்களுக்கு அதுவே குரலாயிற்று. வீட்டின் முதல் பட்டதாரி தனக்காக மட்டும் படிப்பதில்லை என்றால், தனக்காக மட்டும் பேசக் கற்றுக்கொள்வதும் இல்லை.

இதையெல்லாம் வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். தமக்கும் அன்று விடுமுறைதான் என்றார்.